ஆதார் மதுரையில், தோட்டம் தாண்டிக்குடியில்: ரிவால்வர் லைசென்ஸுக்கு எந்த முகவரி?

கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடிப் பக்கம் காப்பி, மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் 47 வயது வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அப்பா இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. பிள்ளைகள் படிப்புக்காக மதுரையில் வாடகை வீடு. வாரத்தில் நான்கு நாள் தோட்டத்து வீடு, மூன்று நாள் மதுரை. ஆதாரில் மதுரை முகவரி, வாக்காளர் அட்டையில் தாண்டிக்குடி முகவரி. பாஸ்போர்ட் காலாவதியாகிவிட்டது, அதில் முன்பு வேலை பார்த்த திருப்பூர் முகவரி. பட்டாவும் இ.பி. இணைப்பும் இன்னும் அப்பா பெயரிலேயே இருக்கின்றன.

காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் கூலிப் பணத்தோடு தனியாக மலையேற வேண்டியிருக்கிறது. மிளகு மூட்டை ஒருமுறை களவு போயிருக்கிறது. காட்டுமாடும் பன்றியும் வீட்டு வாசல் வரை வருகின்றன. தோட்டத்தை விற்றுவிட்டு பெங்களூருக்குப் போகும் பக்கத்து எஸ்டேட்காரர், தன்னிடம் உள்ள .32 குழல் அளவு ரிவால்வரைத் தருவதாகச் சொல்கிறார். "ஆதார் நகலும் பணமும் கொடுங்கள், லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பது அவர் வாக்கு. மலைவாசிகளுக்குக் குடகு போல லைசென்ஸே தேவையில்லை என்கிறார் ஒரு உறவினர். வாசகர் கேட்பவை: எந்த அடையாள அட்டை செல்லும்? ஆதாரைத் தோட்டத்து முகவரிக்கு மாற்ற வேண்டுமா? கடைசியில் போகிறபோக்கில் ஒன்று: "அப்பாவின் ஒற்றைக்குழல் துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, அதையும் என் பெயருக்கு மாற்றிவிடலாமா?"

அன்புள்ள வாசகருக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டதற்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அலமாரியில் இருக்கும் துப்பாக்கி

லைசென்ஸ் உங்கள் அப்பாவுக்குக் கொடுக்கப்பட்டது. அவர் காலமானதோடு அதுவும் முடிந்துவிட்டது. வீடு, நிலம் போல அது தானாக வாரிசுக்கு இறங்காது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி, வைத்திருக்கும் உரிமை போன துப்பாக்கியைத் தேவையற்ற தாமதம் இல்லாமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறைத் தண்டனை. "அப்பா நினைவாக வைத்திருந்தேன்" என்பது நீதிபதியின் மனதைத் தொடலாம், குற்றம் இல்லையென்று ஆக்காது.

இதைச் சரிசெய்யாமல் உங்கள் பெயரில் புதிய விண்ணப்பம் போடாதீர்கள். குடும்பத்தில் வேறு யாரிடமாவது ஆயுத லைசென்ஸ் உண்டா என்று படிவம் கேட்கும். நீங்கள் எழுதாவிட்டாலும் ஸ்டேஷன் பதிவேட்டில் உங்கள் அப்பா பெயர் இருக்கும். விசாரணைக்கு வரும் காவலர் கேட்கும் முதல் கேள்வியே "அந்தப் பழைய துப்பாக்கி எங்கே?" என்பதாக இருக்கலாம்.

செய்ய வேண்டியது இது. இறப்புச் சான்றிதழ் நகல், அப்பாவின் அசல் லைசென்ஸ், துப்பாக்கி எண், கையிருப்புத் தோட்டாக்களின் எண்ணிக்கை ஆகியவற்றோடு ஆய்வாளருக்குக் கடிதம் எழுதுங்கள். தாமதத்துக்கான காரணத்தை உள்ளபடி ஒரு வரியில் சொன்னால் போதும். துப்பாக்கியை ஜீப்பில் போட்டுக்கொண்டு நேரே கிளம்பிவிடாதீர்கள். வழியில் சோதனையில் மாட்டினால் விளக்கம் சொல்வது கடினம். கடிதத்தை முதலில் கொடுத்து, எப்படிக் கொண்டுவருவது என்று அவர்களையே கேளுங்கள், காவலர் ஒருவரை அனுப்பச் சொல்லுங்கள். உள்ளூர் வழக்கறிஞர் ஒருவர் கூட இருப்பது நல்லது. தோட்டாவையும் சேர்த்தே ஒப்படைத்து, எண்ணும் தேதியும் போட்ட ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

ஒப்படைத்தால் துப்பாக்கி போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். சட்டப்படி உரிமை பெற்றால் திரும்ப வாங்கலாம், அல்லது லைசென்ஸ் உள்ள ஒருவருக்கு விற்றுப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். குறித்த காலத்துக்குள் இரண்டும் செய்யாவிட்டால்தான் அரசுடைமை ஆகும். 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் 25-ஆவது விதி, இறந்தவரின் துப்பாக்கிக்கு வாரிசு லைசென்ஸ் கேட்க வழி தருகிறது. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் ஆட்சேபணை இல்லாக் கடிதம் வேண்டும். உங்கள் அம்மாவும் உடன்பிறந்தவர்களும் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், இப்போதே பேசி வையுங்கள்.

ஆதார் கொடுத்து ரிவால்வர் வாங்க முடியாது

சிம் கார்டு வாங்குவதுபோல் அடையாள அட்டையைக் காட்டித் துப்பாக்கி வாங்கும் வழி இந்தியாவில் இல்லை. விற்பவர் கடைக்காரரானாலும் பக்கத்துத் தோட்டக்காரரானாலும் அவர் பார்க்க வேண்டியது உங்கள் லைசென்ஸை. அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் அந்த லைசென்ஸ் வாங்குவதற்கு. ஆகவே "லைசென்ஸைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்பதில் வரிசையே தலைகீழ்.

உறவினர் சொல்லும் குடகு விலக்கு உண்மையான ஒன்றுதான். 2019-இல் அதை மத்திய அரசு 2029 வரை நீட்டித்தது. ஆனால் அது குடகர்களுக்கும், குடகில் ஜம்மா என்ற பரம்பரை மானிய நில உரிமையாளர்களுக்கும் மட்டும். பழனி மலையிலோ நீலகிரியிலோ வசிப்பதால் யாருக்கும் அப்படி ஒரு விலக்கு கிடையாது.

பொதுமக்கள் லைசென்ஸ் கேட்கக்கூடிய கைத்துப்பாக்கி .32, .22 போன்ற தடை செய்யப்படாத வகை. 9 எம்.எம். பிஸ்டல் தடை செய்யப்பட்ட வகையில் வருகிறது, அதற்கு மத்திய உள்துறை அமைச்சகம்தான் முடிவு சொல்ல வேண்டும். பக்கத்துக்காரரின் ரிவால்வர் .32 என்று அவர் வாயால் சொன்னது போதாது, அவருடைய லைசென்ஸில் எழுதியிருப்பதைப் பாருங்கள்.

அடையாளச் சான்று: எங்கே இடறும்

விண்ணப்பம் படிவம் ஏ-1. அடையாளத்துக்கு ஆதார். ஆதார் இல்லாதவர்கள் அஃபிடவிட்டோடு பாஸ்போர்ட், வாக்காளர் அட்டை, பான் கார்டு, வேலை செய்யும் இடத்து அடையாள அட்டை இவற்றில் ஒன்றைத் தரலாம். உங்களிடம் ஆதார் இருப்பதால் காலாவதியான பாஸ்போர்ட்டை இந்தக் கட்டில் சேர்க்கவே வேண்டாம். திருப்பூர் என்று மூன்றாவதாக ஓர் ஊரைக் கொண்டுவந்து விசாரணையை நீங்களே நீட்டிக்கொள்வீர்கள். அங்கே எப்போது வசித்தீர்கள் என்று கேட்டால் மட்டும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பிறந்த தேதிக்கு ஆதாரை நம்பாதீர்கள். அது அடையாளத்துக்கான ஆவணம், பிறந்த தேதிக்கான சான்று அல்ல என்று ஆதார் ஆணையமே சொல்லியிருக்கிறது. பிறப்புச் சான்றிதழோ எஸ்.எஸ்.எல்.சி. மார்க் ஷீட்டோ வையுங்கள்.

நம் ஊர்க்காரர்களுக்குப் பெரிய தலைவலி முதலெழுத்துதான். உங்கள் விஷயத்திலும் எஸ்.எஸ்.எல்.சி.யில் முதலெழுத்து முன்னால், ஆதாரில் பின்னால், பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பான் கார்டில் முதலெழுத்தை விரித்து எழுதச் சொல்வதால் இது வீட்டுக்கு வீடு நடப்பது. எழுத்து வரிசை மட்டும் மாறியிருந்தால், மூன்று வடிவங்களையும் அப்படியே எழுதி, மூன்றும் ஒரே ஆளைக் குறிப்பவை என்று நோட்டரி முன் ஓர் அஃபிடவிட் போட்டால் பொதுவாகப் போதும். பெயரே வேறாக இருந்தால்தான் அரசிதழ் வரை போக வேண்டும். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்தலாம், இதற்காக ஒரு வாய்ப்பை அவசரமாகச் செலவழிக்காதீர்கள். படிவம், மருத்துவச் சான்று, பயிற்சிச் சான்று மூன்றிலும் ஆதாரில் உள்ளபடியே எழுதச் சொல்லுங்கள். மருத்துவர் அவசரத்தில் முதலெழுத்தை விட்டுவிடுவார், கோப்பு அதற்காகவே திரும்பி வரும்.

மருத்துவச் சான்றுக்கு விதிகளில் தனிப் படிவம் உண்டு. உடல்நலத்தோடு மனநலத்தையும், போதைப் பழக்கம் இல்லை என்பதையும் அது சொல்ல வேண்டும். மருத்துவர் தன் லெட்டர்பேடில் "உடல் தகுதி உள்ளது" என்று எழுதித் தருவது செல்லாது. பயிற்சிச் சான்றும் அப்படித்தான்: துப்பாக்கியைப் பத்திரமாகக் கையாளவும் வைக்கவும் கற்றதாக அங்கீகாரம் பெற்ற பயிற்சியாளர் தர வேண்டும். இவற்றோடு பாஸ்போர்ட் அளவு புகைப்படம் நான்கு.

முகவரி: துப்பாக்கி எங்கே தங்கும்?

நீங்கள் இதை எந்த அட்டை செல்லும் என்ற கேள்வியாகப் பார்க்கிறீர்கள். அதிகாரி பார்ப்பது வேறு. இந்த ஆளை எந்த ஸ்டேஷன் அறியும், துப்பாக்கி இரவில் எந்த வீட்டில் இருக்கும் என்பதுதான் அவர் கவலை. நீங்கள் எழுதும் முகவரியை வைத்தே எந்தக் காவல் நிலையம் அறிக்கை தரும், யார் லைசென்ஸ் தருவார் என்பது முடிவாகிறது. தாண்டிக்குடி என்றால் திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர். மதுரை மாநகருக்குள் என்றால் மாநகரக் காவல் ஆணையர். ஆதார் ஒரு பக்கம், விண்ணப்பம் இன்னொரு பக்கம் என்று இருந்தால் இரண்டு ஸ்டேஷன்களுக்கும் கடிதம் போய்வரும்.

வழக்கமாக வசிக்கும் இடத்திலோ தொழில் நடக்கும் இடத்திலோ விண்ணப்பிக்கலாம். உங்களுக்கு இரண்டும் தாண்டிக்குடியில் பொருந்துகிறது, நீங்கள் சொல்லும் காரணமும் அங்கேதான் இருக்கிறது. ஆகவே திண்டுக்கல்லில் போடுங்கள். ஆதாரை மாற்றுவது சட்டக் கட்டாயம் இல்லையென்றாலும் மாற்றிவிடுவதே சுருக்கமான வழி. முகவரியை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். தாண்டிக்குடி முகவரியுள்ள உங்கள் வாக்காளர் அட்டையையே ஆதார் முகவரி மாற்றத்துக்குச் சான்றாகக் காட்டலாம். பட்டாவும் இ.பி. பில்லும் உங்கள் பெயருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இருந்தாலும் அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். வாரிசுச் சான்றிதழ் துப்பாக்கிக்கு எப்படியும் வேண்டும். அதை வாங்கியவுடன் பட்டா மாறுதலுக்கும் மின் இணைப்புப் பெயர் மாற்றத்துக்கும் சேர்த்தே மனுப் போடுங்கள். நடுவில் வலுவாக ஒரு தாள் வேண்டுமென்றால் இ-சேவை மையம் வழியாக இருப்பிடச் சான்று (Residence Certificate) கேளுங்கள். பலர் பிறப்பிடச் சான்றை (Nativity Certificate) வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அது நீங்கள் எந்த ஊர்க்காரர் என்று சொல்லும், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள் என்று சொல்லாது.

மதுரை வீட்டை மறைக்காதீர்கள். படிவத்தில் தற்போதைய முகவரி, எப்போதிருந்து அங்கே வசிக்கிறீர்கள், நிரந்தர முகவரி எல்லாம் கேட்பார்கள். வாரத்தில் மூன்று நாள் மதுரையில் இருப்பதைத் தனித் தாளில் எழுதி, வாடகை ஒப்பந்த நகலும் வையுங்கள். முக்கியமான தகவலை மறைத்துப் பெற்ற லைசென்ஸை ஆயுதச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின் கீழ் ரத்து செய்யலாம். ஆறு வருடத்துக்கு முன் வரப்புத் தகராறில் உங்கள் மேல் ஒரு வழக்குப் பதிவாகிச் சமரசத்தில் முடிந்ததாக எழுதியிருக்கிறீர்களே, அதையும் தீர்ப்பு நகலோடு நீங்களே சொல்லிவிடுங்கள். போலீஸ் அறிக்கையில் அது எப்படியும் வரும். உங்கள் தாளில் முதலில் வந்தால் செய்தி, அவர்கள் தாளில் முதலில் வந்தால் சந்தேகம்.

மதுரையில் இருக்கும் மூன்று நாளும் பூட்டிக் கிடக்கும் தோட்டத்து வீட்டில் ரிவால்வர் எங்கே இருக்கும்? விசாரணையில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். பீரோ என்று சொன்னால் எடுபடாது. சுவரிலோ தரையிலோ பதித்த இரும்புப் பெட்டகம், தோட்டாவுக்குத் தனிப் பூட்டு என்று ஏற்பாடு செய்து, புகைப்படமும் வைத்துக்கொள்ளுங்கள்.

போலீஸ் அறிக்கைக்கு விதிகள் தரும் காலம் 30 நாள். அதற்குள் வராவிட்டால் அறிக்கைக்குக் காத்திராமல் லைசென்ஸ் அதிகாரி உத்தரவு போடலாம் என்று 13-ஆவது பிரிவு சொல்கிறது. "போடலாம்" என்பதை "போட வேண்டும்" என்று படித்துவிடாதீர்கள். கைத்துப்பாக்கி விஷயத்தில் அறிக்கை இல்லாமல் கையெழுத்துப் போட எந்த அதிகாரியும் தயங்குவார். அதனால் ஸ்டேஷனிலிருந்து அழைத்தால் அன்றே போங்கள். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காது என்றால், ஊருக்குள் இருக்கும் ஒருவரின் எண்ணையும் படிவத்தில் எழுதிவையுங்கள்.

பத்து கிலோமீட்டர் விதி

நீங்கள் கேட்காத, ஆனால் மலையில் பல விண்ணப்பங்கள் சிக்கும் இடம் இது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆவது பிரிவுப்படி, ஒரு சரணாலயத்திலிருந்து 10 கிலோமீட்டர் சுற்றளவுக்குள் புதிய ஆயுத லைசென்ஸ் தர வேண்டுமென்றால் தலைமை வன உயிரினக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். கொடைக்கானல் வன உயிரினச் சரணாலயம் 2013-இல் அறிவிக்கப்பட்டது. உங்கள் அப்பா லைசென்ஸ் வாங்கிய காலத்தில் இந்தத் தடை இல்லை. "அப்பாவுக்குச் சுலபமாகக் கிடைத்தது" என்று நீங்கள் எழுதியதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். நீலகிரியில் முதுமலை, முக்கூர்த்தி ஓரத்தில் இருப்பவர்களுக்கும் இதே கதைதான்.

சர்வே எண்ணோடு வனச்சரக அலுவலகத்துக்குப் போய், சரணாலய எல்லையிலிருந்து உங்கள் தோட்டம் எவ்வளவு தூரம் என்று எழுத்தில் கேளுங்கள். உள்ளே வந்தால் அந்த ஒப்புதலுக்கான கோரிக்கையும் கோப்போடு போகும்படி கலெக்டர் ஆபீஸில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தெரியாமல் விட்டால் எல்லா அறிக்கையும் வந்தபின் கோப்பு இதற்காகத் தனியே நிற்கும்.

ரிவால்வர் உங்களுக்கு உதவுமா?

லைசென்ஸ் ஓர் உரிமை என்று நினைத்து எழுதியிருக்கிறீர்கள். ஆவணம் எல்லாம் சரியாக இருந்தாலும் தகுந்த காரணம் இருக்கிறதா என்று அதிகாரி பார்ப்பார். போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. அதேபோல் சொத்து இருப்பதாலேயே கொடுத்துவிடவும் மாட்டார்கள்.

உங்கள் காரணங்களில் காட்டுமாட்டை எடுத்துவிடுங்கள். அது வன உயிரினச் சட்டத்தின் அட்டவணை 1-இல் உயர் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. .32 தோட்டா அதைத் தடுக்காது, காயப்படுத்திக் கோபமூட்டும், பிறகு வனக் குற்ற வழக்கு வேறு. காட்டுப்பன்றி விஷயத்திலும் சுடும் வேலை வனத்துறையுடையது. "விலங்குக்காக ரிவால்வர்" என்று எழுதினால் அந்த வரியே மறுப்புக்குக் காரணமாகிவிடும். கூலிப் பணம், களவு இரண்டும் சொல்லத்தக்க காரணங்கள். ஆனால் மிளகு களவுக்கு எஃப்.ஐ.ஆரோ மனு ரசீதோ வேண்டும். புகாரே கொடுக்காத களவைக் கோப்பில் காட்ட முடியாது. கூலியில் பெரும்பகுதியை வங்கிக் கணக்கில் போட ஆரம்பித்தால் ஆபத்து பாதி குறையும், காரணமும் அந்த அளவுக்குக் குறையும் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

என் அபிப்பிராயம்: அப்பாவின் ஒற்றைக்குழலுக்கு வாரிசு லைசென்ஸ் கேட்பதே உங்கள் நிலைமைக்குப் பொருத்தம். காரணம் தெளிவாக இருக்கிறது, துப்பாக்கியும் ஸ்டேஷன் அறிந்தது. மூன்று நாள் பூட்டிக் கிடக்கும் வீட்டில் சட்டைக்குள் மறைத்து எடுத்துப்போகக்கூடிய ரிவால்வர், திருடனுக்கு மிளகு மூட்டையைவிடப் பெரிய வேட்டை. அதற்குமேல் உங்கள் விருப்பம். ஒருவர் இரண்டு துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்பதால் ஒன்று கேட்பது இன்னொன்றைத் தடுக்காது.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பொதுநலன் கருதி மறைக்க வேண்டியிருந்தாலொழிய சுருக்கமாகவாவது தர வேண்டும். உத்தரவு தேதியிலிருந்து 30 நாளுக்குள் மேல்முறையீடு. கிடைத்தால் 5 ஆண்டு செல்லும். படிவத்தில் துப்பாக்கியை எடுத்துச்செல்லும் பகுதி என்ற இடத்தில் மாவட்டம் மட்டும் என்று எழுதிவிடாதீர்கள். மதுரைக் கடையில் வாங்கி மலைக்குக் கொண்டுவருவதே சிக்கலாகிவிடும். மாநிலம் முழுவதும் என்று கேளுங்கள். தேர்தல் அறிவித்தால் ஒப்படைக்கச் சொல்வார்கள் என்பதையும் மனதில் வையுங்கள், ஒவ்வொரு முறையும் ரசீது.

பக்கத்து எஸ்டேட்காரருக்கு

ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவுப்படி, அவர் தன் ரிவால்வரை விற்க நினைத்தால் வாங்குபவரின் பெயர், முகவரியோடு மாவட்ட மாஜிஸ்திரேட் என்ற முறையில் ஆட்சியருக்கோ பக்கத்து ஸ்டேஷனுக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். வாங்குபவரிடம் அப்போதே லைசென்ஸ் இருக்க வேண்டும். இரண்டும் இல்லாமல் கைமாறினால் வழக்கு உங்கள் இருவர் மீதும் வரும். உங்கள் கோப்பு முடிய மாதங்கள் ஆகும், அவரோ வீட்டைக் காலி செய்கிறார். இடைக்காலத்தில் "உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்" என்று அவர் சொன்னாலும் வாங்கி வைக்காதீர்கள், முன்பணமும் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள விற்பனையாளரிடம் அவர் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும். உங்களுக்கு லைசென்ஸ் வந்தபின் அதே துப்பாக்கியை அங்கிருந்தே முறையாக வாங்கலாம். அவர் அதைத் தன்னோடு எடுத்துச்செல்வதானால் முதலில் அவர் லைசென்ஸ் கர்நாடகத்தில் செல்லுமா என்று பார்க்க வேண்டும், குடிமாறிய 30 நாளுக்குள் அங்குள்ள அதிகாரிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.